மாடல் விமானத்தைப் பெயின்ட் அடிக்க வெளியில் கொடுக்கப் போகிறீர்களா? என் மிக்-21க்கு நடந்தது இது

9,000 ரூபாய் போனது. அதைக்கூட விட்டுவிடலாம், நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டிய விமானம் போனதுதான் ஆறவில்லை. கட்டுவதை நாமே செய்துவிட்டுப் பெயின்டை மட்டும் யாரிடமாவது கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள்.

என் அப்பா விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல், ரெக்கை பாகங்களைப் பராமரிப்பவராக இருந்தவர். அவர் கைபட்டது மிக்-21 போர் விமானத்தின் எஃப்எல் ரகம். வீட்டில் அதை 'டைப் 77' என்றுதான் சொல்வார். 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கியது இந்த ரகம்தான். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21களுக்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்தவர், நிகழ்ச்சி முடிந்தும் வெகுநேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. அன்று ராத்திரிதான் பரணில் கிடந்த 1/48 கிட்டை (நிஜ விமானத்தில் 48இல் ஒரு பங்கு அளவில் கட்டுவதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள பெட்டி) இறக்கினேன்.

அந்த அளவில் ரெக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 சென்டிமீட்டர்தான். ஆனால் வேலை கொஞ்சமில்லை. போரின்போது பல விமானங்களுக்கு அவசர அவசரமாகப் பச்சை பூசினார்கள். அப்பாவுக்கு வேண்டியது அதற்கு முந்தைய வெறும் உலோக நிறம். மாடல் கட்டுபவர்களுக்குத் தெரியும், வெள்ளி நிறம் எதையும் மறைக்காது. பச்சை, சாம்பல் என்றால் சின்னக் கீறல் அடியில் போய்விடும். வெள்ளிக்குக் கீழே ஒரு மயிரிழைக் கோடு இருந்தாலும் பளிச்சென்று தெரியும். உடலின் இரண்டு பாதிகளும் சேரும் ஒட்டுக்கோட்டைப் புட்டி வைத்து அடைத்து, 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை தேய்த்தேன். தேய்த்ததில் அழிந்த பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) ஊசியால் திரும்பக் கீறினேன். முதுகு ஒன்றுக்கே மூன்று வாரம்.

பெயின்டை நானே அடித்திருக்கலாம். உலோக நிறத்துக்குப் பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து, அதன் மேல் ஏர்பிரஷில் மெல்லிசு மெல்லிசாக லாக்கர் அடிக்க வேண்டும். எங்களுடையது சின்ன ஃபிளாட். அப்பாவுக்கு வீசிங் உண்டு. தின்னர் வாசனை அவருக்கு ஆகாது. அதனால்தான் வெளியில் தேடினேன்.

வெளியூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். அவர் அனுப்பிய படங்களில் இருந்த விமானங்கள் கண்ணாடி மாதிரி மின்னின. கூலி 9,000. முதலில் 6,000, "முடிஞ்சிடுச்சு சார், கூரியர் போடணும்" என்றதும் மீதி 3,000. என் விமானத்தின் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் அந்த மீதியை அனுப்பினேன். என் தவறு அதுதான்.

எச்சரிக்கை மணி அதற்கு முன்பே அடித்திருந்தது. மூன்றாவது வாரம் "உங்க பிளேன் சார், பாதி முடிஞ்சது" என்று ஒரு படம் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தவர், "இது எழுபத்தேழு இல்லடா. ரெக்கைக்குக் கீழ பக்கத்துக்கு ரெண்டு பைலான், அதான் குண்டு மாட்டுற தாங்கி, இருக்கு பாரு. நம்மதுக்கு ஒண்ணுதான். முதுகும் தடியா இருக்கு" என்றார். கேட்டால், "வேற கஸ்டமர் படம் சார், மாத்தி அனுப்பிட்டேன்" என்று பதில். நம்பினேன். பிறகு அதே படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடியபோது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் எப்போதோ போட்ட படம் என்று தெரிந்தது. முதலில் காட்டிய கண்ணாடி விமானங்களும் அப்படித்தான், ஒன்றுகூட இவர் செய்ததில்லை. பணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியமில்லை.

பெட்டி ஏழாவது வாரம் வந்தது. செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருந்தார், மூக்கின் மேல் நீளும் பிட்டோ குழாய் (நிஜ விமானத்தில் வேகத்தை அளக்க உதவுவது) ஒடிந்து கிடந்தது. அதை ஒட்டிவிடலாம். மற்றதை எப்படிச் சரிசெய்வது? ஹார்டுவேர் கடையில் விற்கும் குரோம் ஸ்ப்ரே டப்பாவைக் கிட்டத்தில் பிடித்து, வழிய வழிய அடித்திருக்கிறார். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையே தின்றுவிட்டது. ரெக்கை முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. நான் கீறிய கோடுகளில் பாதி காணோம். காக்பிட் மூடியைச் சரியாக மறைக்காததால் உள்பக்கம் வரை புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது. சொரசொரப்பின் மேலேயே டெக்கால் (சின்னங்கள், எண்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டியதில் அடியில் காற்று சிக்கி, காவி, வெள்ளை, பச்சை வட்டங்களைச் சுற்றி வெளிறிய விளிம்பு.

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வாலில் இருந்த எண்ணைத்தான் முதலில் படித்தார். அவர் வேலை பார்த்த விமானத்தின் எண், 'சி' என்று தொடங்கும். நான் தாளில் எழுதியே அனுப்பியிருந்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் விமானத்தை மேசையில் வைத்தார்.

போன் செய்தேன். "கைவேலைன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். பிறகு சரிசெய்ய இன்னும் 3,000 கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தவர் படத்தைத் தன் வேலை என்று காட்டிப் பணம் வாங்கியதற்காக சைபர் மோசடி உதவி எண் 1930இலும் சொல்லியிருக்கிறேன். உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ எல்லாம் கையில் இருக்கின்றன. பொருளைக் கூரியரில் ஏற்றும் முன் நீங்களும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். யாரிடம் கொடுத்தாலும், வீடியோ காலில் உங்கள் விமானத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முழுத் தொகையை அதற்குப் பிறகு கொடுங்கள். என்ன பெயின்ட், எந்த அடிப்பூச்சு என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். இவர், "நல்ல பிராண்டுதான் சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரைப்பான் தின்ற இடத்தை எதை ஊற்றிக் கழுவியும் மீட்க முடியாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். திரும்பவும் 400இலிருந்து தொடங்கியிருக்கிறேன். நேற்று வலது ரெக்கையில் கோடு கீறும்போது அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கோடு எங்கே முடியும் என்று நினைவிலிருந்தே சொன்னார். இடது ரெக்கை இன்னும் பாக்கி.