குழப்பும் ஆங்கிலச் சொற்களுக்கு எந்த இணைய அகராதி?

எழுத்து ஒன்றாக இருந்து ஒலி மாறும் சொற்கள், ஒலி ஒன்றாக இருந்து எழுத்து மாறும் சொற்கள் என இவற்றுக்காக மட்டும் கேம்பிரிட்ஜ், மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதிகளை ஒப்பிட்டால், உச்சரிப்புக்குக் கேம்பிரிட்ஜ்தான் கைகொடுக்கிறது. இரண்டும் இலவசம்.

கேம்பிரிட்ஜில் பிரிட்டிஷ் ஒலி, அமெரிக்க ஒலி இரண்டையும் கேட்கலாம். ஆனால் மேலே இருக்கும் முதல் பட்டனை அமுக்கிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பாலைவனம் என்ற பொருளில் 'டெஸர்ட்', அழுத்தம் முதல் அசையில். அதே எழுத்துகள் 'கைவிடு' என்ற வினையானால் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய் 'டிஸர்ட்' ஆகிவிடும். சாப்பிட்ட பின் வரும் இனிப்புக்கு நடுவில் இரண்டு எஸ், ஒலியோ அந்த வினைச்சொல்லுடையதே. பக்கத்தைக் கீழே தள்ளினால் வினைக்குத் தனி ஒலி இருக்கும். அழுத்தக் குறியான சிறு கோடு, அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் வரும். பின்னால் வருவதாக நினைத்தால் எல்லாம் தலைகீழ்.

தமிழில் எழுதிப் பழகுவோருக்கு இன்னொரு சிக்கல். 'இழ' என்ற பொருளுள்ள சொல்லுக்கு ஒரு ஓ, 'தளர்ந்த' என்பதற்கு இரண்டு ஓ. தமிழ் எழுத்தில் இரண்டும் 'லூஸ்'தான்! தொண்டையில் விரல் வைத்துக் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் அதிர்வு தொடரும், இரண்டாவதில் வெறும் காற்று. கேம்பிரிட்ஜின் ஒலிக்குறியில் முதலாவது இசட்டிலும் இரண்டாவது எஸ்ஸிலும் முடிவதால் வேறுபாடு கண்ணுக்கும் தெரிகிறது. அறிவுரைக்கு சி, அறிவுரை சொல்வதற்கு எஸ் எழுதும் 'அட்வைஸ்' ஜோடியிலும் இதே கதை. எஸ் எழுதும் இடத்தில்தான் அதிர்வு.

மெரியம்-வெப்ஸ்டர் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் காட்டும் சர்வதேச ஒலிக்குறி (IPA) பழகியவர்களுக்கு அது தடுமாற்றம். சொல்வரலாற்றில் மட்டும் அது ஒரு படி மேலே. கடனைக் குறிக்கும் 'டெட்' சொல்லில் ஒலிக்காத பி எதற்கு? பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லில், லத்தீன் மூலத்தைக் காட்டப் பிற்பாடு சேர்த்த எழுத்து அது. காரணம் தெரிந்த ஸ்பெல்லிங் மறக்காது.

சரியான ஸ்பெல்லிங்கில் தவறான சொல்லைத் தேடினால் இரண்டுமே எச்சரிக்காது. 'ரீட்' இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் 'ரெட்' என ஒலிப்பதால், 'வழிநடத்து' என்ற பொருளுள்ள 'லீட்' சொல்லையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதன் இறந்தகாலம் எல், இ, டி மட்டும். நடுவில் ஏ வைத்து 'லெட்' என்றால் ஈயம். வினைத் தலைப்பை ஒட்டியே இறந்தகால வடிவம் இருக்கும், பொருளுக்குப் போகுமுன் அதைப் பாருங்கள்.