சொசைட்டியா, தனியாரா, டீக்கடையா: கறந்த பாலை எங்கே ஊற்றுவது?

தமிழ்நாட்டில் கறவை மாடு வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: ஆவினுக்குப் பால் சேர்க்கும் சொசைட்டி, தனியார் கொள்முதல் நிலையம், நேரடியாக வீடுகளும் டீக்கடையும். இன்றைக்கு லிட்டருக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்று மட்டும் பார்த்து மாறாதீர்கள். தை மாத விலையையும் சித்திரை மாத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சொசைட்டி விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 நவம்பரில் பசும்பால் 32 ரூபாயிலிருந்து 35-க்கும், எருமைப்பால் 41-லிருந்து 44-க்கும் உயர்ந்தது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. மழை ஓய்ந்து, பச்சைத் தீவனம் செழித்துப் பால் பெருகும்போது இந்த விலை சட்டென இறங்காது. கோடையில் மடி வற்றும்போது ஏறவும் ஏறாது.

தனியார் விலை அப்படி நிற்காது. பால் பவுடரும் வெண்ணெயும் நல்ல விலைக்குப் போனால் கூட்டித் தருவார்கள், சரிந்தால் குறைப்பார்கள். 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது பலர் விலையை வெட்டினார்கள், சொசைட்டி வாசலில் கேன்கள் கூடின. 2023-ல் குஜராத் கூட்டுறவான அமுல் கிருஷ்ணகிரிப் பக்கம் கொள்முதலுக்கு வந்தபோது, அதைத் தடுக்கக் கோரி முதல்வர் மு.க.ஸ்டாலின் மே மாதம் மத்திய கூட்டுறவு அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். வாங்க ஆள் கூடுவது உழவருக்கு நல்லதுதான். ஆனால் பால் மிஞ்சும் மாதத்திலும் அந்தப் புது ஆள் வாங்குவாரா என்பதே என் கேள்வி.

இரண்டு இடத்திலும் காசைத் தீர்மானிப்பது கொழுப்பும் இதர சத்தும். இங்கே கொஞ்சம் உன்னிப்பாக இருங்கள். கேனை நன்றாகக் கலக்கிய பிறகுதான் சாம்பிள் எடுக்க வேண்டும். கலக்காமல் அடியிலிருந்து மொண்டால் கொழுப்பு குறைவாகக் காட்டும். கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதனால் கன்றுக்கு முதல் பாலை விட்டு, கடைசிவரை ஒட்டக் கறந்து விடுங்கள்.

கொழுப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். 4 சதவீதக் கொழுப்புள்ள 100 லிட்டர் பாலை நீலமாக்கினால் சுமார் 1 கிலோ கொழுப்பு க்ரீமாக மிஞ்சும், நெய்யாகும். ஆரஞ்சாக்க வேண்டுமென்றால் 2 கிலோ வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். 2022 நவம்பரில் நீலம் லிட்டர் 40 ரூபாயிலேயே நிற்க, ஆவின் மாதாந்திர பால் அட்டை இல்லாதவர்களுக்கு ஆரஞ்சு 48-லிருந்து 60-க்குத் தாவியது. அடுத்த ஆண்டு 4.5 சதவீதப் பச்சைப் பாக்கெட்டின் இடத்தில், அதே 44 ரூபாய்க்கு 3.5 சதவீத டிலைட் வந்தது. க்ரீமுக்கு இப்படி அடிபிடி இருக்கும்போது, எருமை வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்து விலைப்பட்டியலையும் கொழுப்புப் புள்ளி வாரியாகக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவசியம்.

வீட்டுக்கும் டீக்கடைக்கும் ஊற்றினால் கையில் நிற்கும் காசு அதிகம். ஆனால் கடன் பாக்கி, வண்டிச் செலவு, விடுமுறையில் திரும்பி வரும் பால் எல்லாம் உங்கள் தலையில்.

இரண்டு மூன்று மாடுகள்தான் என்றால், காலைப் பாலை சொசைட்டியில் விடாமல் ஊற்றி உறுப்பினராக நீடித்து, மாலைப் பாலை நம்பிக்கையான நாலைந்து வீடுகளுக்குக் கொடுப்பேன். பத்து மாடுகளுக்கு மேல் போனால் தனியாரிடம் பேசலாம், பால் பெருகும் மாதத்துக்கான விலையை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு.