கடனட்டையில் சேரும் மைல்: கொழும்புக் குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும்?

விமான மைல் என்பது, சேர்த்து வைத்து டிக்கெட் வாங்கக்கூடிய, விமான நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளி. கொழும்பில் அன்றாடச் செலவிலிருந்து அதைச் சேர்க்க உருப்படியான வழி ஒன்றுதான்: கடனட்டை. கீல்ஸிலோ ஃபூட் சிட்டியிலோ மரக்கறி வாங்கி அட்டையை நீட்டினால் வங்கியில் புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பிறகு ஏதோவொரு விமான நிறுவனத்தின் மைலாக மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த வங்கி எந்த நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறது, எத்தனை புள்ளிக்கு ஒரு மைல் என்பவை அட்டைக்கு அட்டை வேறுபடும். அதனால் அட்டையைப் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் வீட்டார் எங்கே பறக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

சென்னை, திருச்சி, மதுரை என்று போய்வருகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் மைல் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸ். ஒரு காலத்தில் ஸ்ரீலங்கன் பயணிகளும் எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில்தான் மைல் சேர்த்தார்கள். 1998 முதல் ஸ்ரீலங்கனை நிர்வகித்துவந்த எமிரேட்ஸ் 2008 இல் விலகியபின் ஃப்ளைஸ்மைல்ஸ் தனியாக உருவானது. 2014 மே மாதம் ஸ்ரீலங்கன், பல விமான நிறுவனங்கள் சேர்ந்த ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்ததுதான் இந்தத் திட்டத்தின் பெரிய பலம். கட்டுநாயக்காவில் சேர்த்த மைலைக் கத்தார் எயார்வேஸிலோ பிரிட்டிஷ் எயார்வேஸிலோ செலவழிக்கலாம். மைலின் ஆயுள் மூன்று ஆண்டுகள்.

ஸ்கைவார்ட்ஸ் மைலுக்கும் ஏறக்குறைய அதே ஆயுள்தான். மூன்றாண்டுக்குப் பின் உங்கள் பிறந்த மாத முடிவில் காலாவதியாகும். டொரொன்டோவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது பொருத்தம், துபாயில் ஒருமுறை மாறினால் போதும். வீட்டார் அனைவரின் மைலையும் ஒரே கணக்கில் திரட்டும் குடும்பக் கணக்கு வசதியும் உண்டு. கொழும்பில் ஒருவரின் சம்பளத்தை நம்பி மைல் சேர்ப்பவர்களுக்கு இந்த வசதி பெரிய உதவி.

சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டம், சிங்கப்பூர், அவுஸ்திரேலியா என்று கிழக்கே போகிறவர்களுக்கு மட்டும். லண்டனுக்கோ கனடாவுக்கோ போவதற்காக இதில் சேர்ப்பது வீண் சுற்று.

எனக்கு மிகவும் பிடித்தது கத்தார் எயார்வேஸின் அவியோஸ்; அங்கே மைலுக்கு அதுதான் பெயர், பிரிட்டிஷ் எயார்வேஸிலும் அதே பெயர்தான். மற்றவற்றில் மைல் குறித்த காலத்தில் செத்துவிடுகிறது. இதில் 36 மாதங்களுக்குள் கணக்கில் ஏதாவதோர் அசைவு இருந்தால் எல்லாமே உயிரோடிருக்கும். கத்தார் கணக்குக்கும் பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்குக்கும் இடையே அவியோஸை நகர்த்தவும் முடியும். லண்டனில் மகன் செய்ன்ஸ்பரிஸ் சுப்பர் மார்க்கெட்டில் வாராந்தச் சாமான் வாங்கிச் சேர்க்கும் நெக்டார் புள்ளிகளை அவியோஸாக மாற்றலாம். அந்த அவியோஸைக் கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவுக்குக் கொழும்பு–சென்னை ஸ்ரீலங்கன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம், பிரிட்டிஷ் எயார்வேஸும் ஸ்ரீலங்கனும் ஒரே கூட்டணி என்பதால். நம் குடும்பங்கள் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கின்றன. அந்தச் சிதறலைப் பயனாக்கும் வழி வேறெந்தத் திட்டத்திலும் இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரியவில்லை.

இனிக் கணக்கு. கீழே உள்ள தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு; உங்கள் அட்டையின் எண்களைப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,50,000 ரூபாய் அட்டையில் போகிறது, 200 ரூபாய்க்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 750 மைல், ஆண்டுக்கு 9,000. சென்னை போய்வர 20,000 மைல் கேட்டால் இரண்டே கால் ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்போதும் டிக்கெட் இலவசமாகக் கிடைக்காது. விமான நிலைய வரியையும் நிறுவனத்தின் மேலதிகக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். காசுக்கு வாங்கினால் 60,000, மைலுக்கு வாங்கினாலும் வரி 35,000 என்றால், 20,000 மைல் மிச்சப்படுத்துவது 25,000 ரூபாய். ஒரு மைல் ஒன்றேகால் ரூபாய்.

அப்படியானால் ஓராண்டுச் செலவுக்குக் கிடைத்தது 11,250 ரூபாய். ஒரு வீதம் பணம் திரும்பத் தரும் சாதாரண அட்டை அதே செலவுக்கு 18,000 ரூபாய் தரும், காலாவதிப் பயமும் இல்லை. குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மரக்கறி, பழம், மீனுக்குச் சுப்பர் மார்க்கெட்டுகள் தரும் விலைக்கழிவு அதைவிடவும் பெரிது. சென்னைக்கு மேல் பறக்காத வீட்டுக்கு மைல் அட்டை தேவையில்லை என்று உறுதியாகவே சொல்வேன். அந்த வழித்தடத்தில் இண்டிகோவும் பறக்கிறது. மலிவு டிக்கெட் கிடைக்கும் இடத்தில் மைலின் மதிப்பு தானாக இறங்கிவிடும்.

தூரப் பயணத்தில், அதுவும் பிஸ்னஸ் வகுப்பில், ஒரு மைலின் மதிப்பு பல மடங்கு கூடும். ஆனால் ஆண்டுக்கு 9,000 மைல் சேர்க்கும் வீடு, மைலுக்கு மூன்றாண்டே ஆயுள் உள்ள திட்டத்தில் 27,000 ஐத் தாண்டாது. குடும்பக் கணக்கோ, பெரிய செலவொன்றோ இல்லாமல் லண்டன் எட்டாது.

பெரிய செலவு என்றதும் கல்யாணம் நினைவுக்கு வரும். மண்டபம், சேலை, செட்டியார் தெரு நகை என்று 40 இலட்சத்தையும் அட்டையில் போட்டால் 20,000 மைல் ஒரே மூச்சில் சேருமே என்று பலரும் ஆசைப்படுகிறார்கள். பில் போடும் இடத்தில்தான் விஷயம் தெரியும். கல்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டிவிட்டு, “அட்டை என்றால் மூன்று வீதம் கூட வரும்” என்பார் கடைக்காரர். 40 இலட்சத்துக்கு அது 1,20,000 ரூபாய். மேலே போட்ட மதிப்பில் அந்த 20,000 மைலின் பெறுமதி 25,000. அட்டைக்கென்று மேலதிகக் கட்டணம் அறவிடக் கூடாது என்று இலங்கை மத்திய வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் இறங்கிவராவிட்டால் காசாகக் கொடுப்பதே இலாபம்.

வட்டியைப் பற்றி ஒரே வரி: மாத பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர் மைலை மறந்துவிட வேண்டும், ஒரு மாத வட்டியே பல மாதப் புள்ளியை விழுங்கிவிடும். எரிபொருள், மின்கட்டணம், காப்புறுதி, தவணைமுறைக் கொள்வனவு போன்றவற்றுக்குப் புள்ளி தராத அட்டைகளும் உண்டு. விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் அந்தப் பட்டியலை வாங்கிப் படியுங்கள்.

தூரப் பயணக் குடும்பங்களுக்கு நான் சொல்வது இது. புள்ளியை வங்கியிலேயே வைத்திருங்கள். மைலாக மாற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, காலாவதிக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். வேண்டிய திகதியில் ஆசனம் இருப்பதை நிறுவனத்தின் தளத்தில் கண்ணால் பார்த்தபின் மாற்றுங்கள். மாற்றம் கணக்கில் விழச் சில நாள் ஆகலாம் என்பதால் பாடசாலை விடுமுறை, நல்லூர்த் திருவிழா போன்ற நெருக்கடிக் காலத்துக்கு முன்கூட்டியே பாருங்கள்.

கணக்குத் திறக்கும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதியுங்கள். நம்மில் பலருக்குத் தந்தை பெயர் அடையாள அட்டையில் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுப்பெயராகவும் இருக்கும். வங்கியில் ஒரு விதம், விமானக் கணக்கில் வேறு விதம் என்றிருந்தால் புள்ளி மாற்றம் தடைப்படலாம். பறந்த பயணத்துக்கு விடுபட்ட மைலைக் கேட்டு வாங்குவதும் இழுபறியாகும்.