எந்தப் படிவம் யார் கைபேசியில் திறக்கும்?

கேள்வித்தாளை அச்சடித்து, அட்டையில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போன நாட்களில் மழைக்குப் பயந்தோம், பாதியில் எழுதாமல் போகும் பேனாவைத் திட்டினோம். தாள் திறக்குமா என்று மட்டும் யாரும் கவலைப்பட்டதில்லை. இணையப் படிவம் வந்த பிறகு அதுதான் முதல் கவலை. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஆறு ஆண்டுகளாகக் கணக்கெடுப்புப் படிவம் தயாரித்து வருகிறேன். "மூன்றாவது கேள்வி புரியவில்லை" என்று என்னிடம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "சார், திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று வந்தவர்களை எண்ண முடியாது.

இணையப் படிவம் தயாரிக்கும் கருவிகளை ஒப்பிடுபவர்கள் எத்தனை வகைக் கேள்வி வைக்கலாம், முடிவுகள் எத்தனை நிறத்தில் வரைபடமாக வரும் என்றுதான் பார்க்கிறார்கள். நான் வாசலைத் தாண்டப்போவதில்லை. கருவி எங்கே கிடைக்கும், கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அதை எப்படித் திறப்பது, பதில் சொல்ல வேண்டியவரிடம் அது எப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். கூகுள் ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ், கோபோ டூல்பாக்ஸ் ஆகிய மூன்றையும் பல முறை பயன்படுத்தியிருக்கிறேன். சர்வேமங்கியையும் ஜோஹோவையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

கூகுள் ஃபார்ம்ஸ்: செயலியைத் தேடாதீர்கள்

இதைத் தேடுபவர்கள் நேராக ப்ளே ஸ்டோருக்குப் போகிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. பெயரை அடித்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செயலிகள் வந்து நிற்கும்; எல்லாம் வேறு யாரோ செய்தவை. 2008 முதல் இருந்துவரும் இந்தக் கருவிக்கு ஆண்ட்ராய்டிலும் சரி, ஐபோனிலும் சரி, கூகுள் தனிச் செயலி வெளியிடவில்லை. டாக்ஸுக்கு உண்டு, ஷீட்ஸுக்கு உண்டு, இதற்குக் கிடையாது. ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. என் மாணவர் ஒருவர் இப்படி எதையோ நிறுவி, தன் கோப்புகளெல்லாம் இருக்கும் கூகுள் டிரைவ் முழுவதையும் பார்க்க அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டு வந்தார். செயலியை நீக்கினால் மட்டும் போதாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் அந்த அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும். அதைச் செய்து முடிக்க ஒரு தேநீர் நேரம் ஆயிற்று.

சரியான வழி உலாவிதான். கணினியில் முகவரிப் பட்டையில் 'ஃபார்ம்ஸ் டாட் நியூ' என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் வெற்றுப் படிவம் விரிந்துவிடும். ஜிமெயில் திறந்திருந்தால் வலது மேல் மூலையில் இருக்கும் ஒன்பது புள்ளிகளை அழுத்தியும் போகலாம். கைபேசியிலும் இதே முகவரியை குரோமிலோ சஃபாரியிலோ அடித்தால் திறக்கும். திறக்கும் என்பது வேறு, வேலை செய்யலாம் என்பது வேறு. ஐந்து அங்குலத் திரையில் ஏழாவது கேள்வியைப் பிடித்து நான்காவது இடத்துக்கு இழுப்பது, சிந்திய கடுகைக் கட்டைவிரலால் பொறுக்குவது போன்றது. பத்துக் கேள்விக்கு மேல் என்றால் கணினிக்கு முன் உட்காருங்கள்.

அப்படி உட்காரும்போது யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது சொந்த அனுபவம். ஆய்வகக் கணினியில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து 32 கேள்விகள் சேர்த்தேன். மறுநாள் வீட்டில் தேடினால் படிவத்தைக் காணோம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாணவி வெளியேறாமல் போயிருந்தார். நானும் மூலையில் இருந்த வட்டப் படத்தைக் கவனிக்கவில்லை. படிவம் முழுவதும் அவருடைய டிரைவில் பத்திரமாக இருந்தது. தவறு முழுக்க என்னுடையது. ஒரே உலாவியில் இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: பெரும்பாலும் முதலில் உள்நுழைந்த கணக்கிலேயே படிவம் திறக்கும். அலுவலகக் கணக்கில் செய்த படிவத்தைச் சொந்தக் கணக்கில் திறக்கப் பார்த்து, "அனுமதி தேவை" என்ற பலகையைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள்.

அந்தப் பலகை வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிவத்தைத் தொகுக்கும்போது முகவரியின் கடைசியில் 'எடிட்' என்ற சொல் இருக்கும். பதில் சொல்பவருக்குப் போக வேண்டிய முகவரி 'வியூஃபார்ம்' என்று முடியும். சுருக்கிய முகவரியும் கிடைக்கும். அவசரத்தில் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். நாற்பது பேர் தட்டுவார்கள், நாற்பது பேரும் அனுமதி கேட்பார்கள், நம் மின்னஞ்சல் பெட்டி நிரம்பும். அனுப்பும் பொத்தான் தரும் முகவரியைத் தவிர வேறு எதையும் பகிர வேண்டாம். 2025 முதல் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. புதுப் படிவத்தை 'வெளியிடு' என்று அழுத்தினால்தான் மற்றவர்களுக்குத் திறக்கும்.

பதில் சொல்பவர் பக்கம் கூகுள் ஃபார்ம்ஸுக்கு நிகர் இல்லை. பழைய ஆண்ட்ராய்டு, புது ஐபோன், தாத்தாவின் டேப்லெட், எதில் தட்டினாலும் உள்நுழையச் சொல்லாமல் திறக்கும். இந்த நல்ல குணத்தைக் கெடுப்பது நாம்தான். கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்றைச் சேர்த்தாலோ, ஒருவர் ஒரு முறை மட்டும் என்று கட்டுப்படுத்தினாலோ, கூகுள் கணக்கில் நுழையாமல் யாரும் பதில் தர முடியாது. ரேஷன் அட்டையின் படம் கேட்கலாமே என்று உங்கள் செயலாளர் சொன்னால், அந்த ஒரு கேள்வி எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் என்று கேளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ்: அலுவலகத்துக்குள் ராஜா

2016இல் வந்த இதற்கும் கைபேசியில் தனிச் செயலி இல்லை, உலாவிதான். முன்பு 'ஆபீஸ் டாட் காம்' என்று முடிந்த முகவரி இப்போது 'கிளவுட் டாட் மைக்ரோசாஃப்ட்' என்ற புது வீட்டுக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. திறக்கும்போது பெயர் மாறியிருக்கிறதே, ஏமாற்றுத் தளமோ என்று பயப்பட வேண்டாம். நிறுவனத்தில் டீம்ஸும் எக்செலும் ஏற்கெனவே புழங்குபவர்களுக்கு இதைத் தேடிப் போகவே தேவையில்லை; இணைய எக்செலிலிருந்தே படிவத்தைத் தொடங்கிவிடலாம்.

இதன் இரண்டு குணங்கள் கூகுளை மிஞ்சுகின்றன. பகிரும் இடத்திலேயே கியூஆர் குறியீடு தயாராக இருக்கும். அச்சடித்து மண்டப வாசலில் ஒட்டினால் போதும். கூகுள் படிவத்துக்கு குரோம் உலாவியின் பகிர்வுப் பட்டியலில் கியூஆர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது, ஒரே படிவத்தைப் பல மொழிகளில் வைக்கும் வசதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வியை எழுதிவிட்டால் படிப்பவர் தனக்கு வேண்டிய மொழியை எடுத்துக்கொள்ளலாம். கூகுளில் இரண்டு மொழியையும் ஒரே வரியில் சாய்கோடு போட்டு அடைத்து எழுத வேண்டியிருக்கிறது, பார்க்கச் சகிக்காது.

குறை எங்கே என்றால், நிறுவனக் கணக்கில் படிவம் செய்யும்போது "என் நிறுவனத்தவர் மட்டும்" என்ற தேர்வு முன்கூட்டியே போடப்பட்டிருப்பது உண்டு. உள்ளே இருப்பவர்கள் சோதித்துப் பார்த்துத் திறக்கிறது என்பார்கள். வெளியே இருக்கும் பெற்றோர் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். கூகுளின் நிறுவனக் கணக்குகளிலும் இதே பொறி உண்டு. இலவசத் தனிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு படிவத்துக்கு 200 பதில்களோடு வரம்பு முடிந்துவிடும். ஒரு தெருவுக்குச் சரி, ஊருக்குப் போதாது.

கோபோ: சிக்னல் இல்லாத ஊருக்கு

முதல் முகாமில் நடந்ததைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் குடிநீர் பற்றி இருபது கேள்விகள் கேட்டு முடித்தான் ஒரு மாணவன். பாட்டி பொறுமையாக, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கிளைக் கதையோடு சொல்லியிருந்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தினான். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "என்னப்பா, நான் சொன்னது அதுக்குப் பிடிக்கலையா?" என்றார் பாட்டி. மாணவன் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மேல்நிலை நீர்த்தொட்டியின் படியில் ஏறினான். பக்கம் புதுப்பித்துக்கொண்டது, இருபது பதில்களும் போயின. திரும்பி வந்து மறுபடி கேட்க அவனுக்கு முகமில்லை. அன்றைக்கு நாங்கள் கொண்டுபோனது எந்தக் கருவி என்பது முக்கியமில்லை. சிக்னல் இல்லாத இடத்துக்கு, சிக்னலை நம்பும் படிவத்தைக் கொண்டுபோனது எங்கள் புத்தி.

கோபோ டூல்பாக்ஸ் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமான ஆய்வு மையத்தோடு தொடர்புடையவர்கள் உருவாக்கியது. பேரிடர், அகதி முகாம் பணிகளில் உலகம் முழுவதும் பயன்படுகிறது. கைபேசியில் இறங்கும் கோபோ கலெக்ட் செயலி, 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே என்ற திறந்த மூலக் கருவியின் வழிவந்தது. பதில்கள் கைபேசியிலேயே சேமிக்கப்படும். மலை இறங்கி சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பிவிடலாம். இருப்பிட அளவையும் படத்தையும் இணையம் இல்லாமலே பதிவு செய்யும்.

ஆனால் திறப்பதற்கு மூன்றிலும் கடினமானது இதுதான். கணினியில் கணக்கு தொடங்கும்போதே உலகச் சர்வரா, ஐரோப்பிய ஒன்றியச் சர்வரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் தொடங்கிய கணக்கு மற்றதில் செல்லாது. கடவுச்சொல்லைச் சரியாக அடித்தும் நுழைய முடியவில்லை என்று புலம்புபவர்களில் பலர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள். படிவத்தைக் கட்டி முடித்த பிறகு அதைச் செயல்பாட்டுக்கு விட வேண்டும். ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவி, சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து, வெற்றுப் படிவத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். முகவரியில் ஒரு எழுத்து பிசகினாலும் ஒன்றும் வராது. இருபத்தைந்து மாணவர்களுக்கு இதை ஒவ்வொன்றாகச் செய்ய ஒரு முழுப் பிற்பகல் போய்விட்டது. அடுத்த ஆண்டுதான் தெரிந்தது, ஒரு கைபேசியில் அமைத்துவிட்டால் அந்தச் செயலி காட்டும் கியூஆர் குறியீட்டை மற்றவர்கள் ஸ்கேன் செய்தால் போதும் என்று. அதற்குள் கடவுச்சொல்லும் ஒளிந்திருக்கக்கூடும்; நேரில் காட்டுங்கள், குழுவில் போடாதீர்கள்.

ஐபோனுக்குக் கோபோ கலெக்ட் கிடையாது. ஐபோன்காரர்களுக்கு உலாவி வழிப் படிவம் இருக்கிறது. வீட்டிலேயே சஃபாரியில் ஒரு முறை திறந்து முழுதாக ஏற்றிக்கொண்டு, முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலும் திறக்கும், பதில்களையும் பிடித்து வைக்கும். இடையில் யாராவது இடம் போதவில்லை என்று உலாவியின் தரவைத் துடைத்தால் அனுப்பாத பதில்களும் சேர்ந்து துடைபடும். கடவுச்சொல் இல்லாமல் பதில் தரலாம் என்ற அமைப்பையும் நாமே தேடி இயக்க வேண்டும். பொதுமக்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படிவமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற இரண்டும்

1999 முதல் இருக்கும் சர்வேமங்கிக்கு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் முறையான செயலி உண்டு. தேடுவதும் திறப்பதும் எளிது. இலவசக் கணக்கில் பத்துக் கேள்விகளோடு நிறுத்திவிடும் என்பதால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவில் ஃபார்ம்ஸ் என்றும் சர்வே என்றும் இரண்டு தனிப் பொருள்கள் இருக்கின்றன. தேடும்போது எதில் நுழைகிறோம் என்று பார்த்து நுழையுங்கள். ஜோஹோ ஃபார்ம்ஸுக்கு ஐபோனிலும் செயலி உண்டு, இணையமில்லாமலும் வேலை செய்யும். கோபோவால் முடியாத இடத்தில் இது முடிகிறது. கட்டணம் கட்டத் தயாராக இருக்கும் நிறுவனத்துக்கு நல்ல தேர்வு.

எதை எடுத்தாலும் பகிர்வதற்கு முன் மறைநிலைச் சாளரத்தில் ஒரு முறை திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு தெரியாத உலாவி கடவுச்சொல் கேட்டால், ஊரும் அதைத்தான் பார்க்கப்போகிறது. இன்ஸ்டாகிராமிலோ முகநூலிலோ பகிர்ந்தால் அந்தச் செயலியின் உள் உலாவியில்தான் திறக்கும். கைபேசியில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. அங்கே போகும் படிவத்தில் உள்நுழைவு கேட்கும் கேள்வி எதுவும் இருக்கக் கூடாது.

இந்த ஆண்டு முகாமுக்குக் கோபோவைத்தான் எடுத்திருக்கிறோம். பெற்றோருக்கான கருத்துக் கேட்பு கூகுளில் போகிறது. ஐபோன் வைத்திருக்கும் இரண்டு மாணவிகள் தங்கள் அம்மாக்களின் ஆண்ட்ராய்டு கைபேசிகளைக் கடன் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.