புல்வெட்டிக்குக் குறை இல்லை, சுவர்தான் போனது

நவம்பர் 11ஆம் தேதி இணையக் கடைகளில் நடக்கும் 11.11 மலிவு விற்பனை முடிந்த பிறகும் விலை ஏறவில்லை போலிருக்கிறது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் சித்தப்பா மகன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க வெச்சிருக்கிற அதே பேட்டரி புல்வெட்டி இப்ப நானூறு வெள்ளிக்குக் கிடைக்குது, எடுத்திடவா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். எடு, எடுக்காதே என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த மெஷினோடு பல மழைக்காலங்களைக் கடந்துவிட்டேன். அண்மையில்தான் எங்கள் வீட்டின் பக்கவாட்டுச் சுவரை மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதனால் தம்பிக்குச் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

18 வோல்ட் பேட்டரி, புல்லை வெட்டும் நைலான் தங்சி நூல் சுற்றும் தலை, நீட்டிக் குறுக்கும் தண்டு என்று பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் விட்டுவிடுவோம். எங்களுடையது கெப்போங் பக்கம் ஒரு பழைய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மூலை வீடு. கார் நிற்கும் இடம் போக, பக்கவாட்டில் வீட்டின் நீளத்துக்குப் பட்டையாக ஒரு நிலம். காலையில் கொஞ்ச நேரம்தான் அங்கே வெயில் விழும். பிலிப்பைன் புல் மாதிரி நல்ல வெயில் கேட்கும் ரகம் அங்கே பிழைக்காது. நிழலையும் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும் கவ் கிராஸ்தான் சரி. அகன்ற இலை, தரையோடு ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர். அழகான புல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மழையில் மண் அரித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருக்கும்.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் அநேகமாகப் பிற்பகல்தோறும் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் புல் வளர்கிற வேகத்துக்கு மாதம் ஒரு முறை வந்துபோகும் புல்வெட்டுக்காரர் போதவே போதாது. அவர் வரும் நாளில் மழை பெய்துவிட்டால் அடுத்த மாதம்தான். அதற்குள் புல் முழங்காலைத் தொட்டுவிடும். அவ்வளவு உயர்ந்த புல்லை ஒரேயடியாகத் தரை வரைக்கும் மழித்தால் வெளிறிப்போய், இடைவெளியில் எல்லாம் களை ஏறிவிடும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பார்கள். அப்படிச் செய்ய அடிக்கடி வெட்ட வேண்டும், அடிக்கடி வெட்டக் கையில் ஒரு மெஷின் வேண்டும்.

இந்த விஷயத்தில் நான் வாங்கியது தங்கமான பொருள். மனதாரச் சொல்கிறேன். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு, மூன்று மணி மழைக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் எடுத்துப் போய் வெட்டிவிட்டு வந்துவிடலாம். பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் கலக்கும் வேலை இல்லை, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோவதும் இல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதுகூட வெட்டியிருக்கிறேன், யாரும் முகம் சுளித்ததில்லை. என் அம்மா பெட்ரோல் மெஷின் பக்கமே போக மாட்டார். இதைக் கையில் எடுத்து, செம்பருத்திச் செடியைச் சுற்றி அவரே செதுக்கிவிட்டு, "லேசா இருக்குடா" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே பேட்டரிதான் டிரில்லுக்கும் ஊதுகுழலுக்கும் விளக்குக்கும் போகிறது. இத்தனை காலம் ஆகியும் எங்கள் பட்டை நிலத்தை ஒரே சார்ஜில் முடித்துவிடுகிறது. வெட்டி முடித்ததும் சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுவேன். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் அடிக்கும் ஸ்டோரில் வைப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் பெரிய எதிரி.

தங்சி நூல் ஒரு சின்னத் தொல்லை, ஆனால் தீர்வு உள்ள தொல்லை. கெட்டியான புல்லில் நீண்ட நேரம் ஓட்டினால் சுருளுக்குள்ளேயே நூல் சூடேறி ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். தலையைத் தரையில் எத்தனை தரம் தட்டினாலும் வெளியே வராது. கழற்றிப் பார்த்தால் இரண்டு சுற்று சேர்ந்து ஒரே பட்டையாகக் கிடக்கும். நகத்தால் பிரித்தெடுக்க வேண்டியதுதான். பழைய நூல் காய்ந்து மொடமொடவென்று ஒடிந்தால், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துச் சுற்றினால் போதும். நைலான் தண்ணீரை உறிஞ்சி மறுபடியும் வளைந்துகொடுக்கும். 1.6 மில்லிமீட்டர் நூல் எந்த ஹார்ட்வேர் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. இதற்கெல்லாம் நான் மெஷினைக் குறை சொல்லப் போவதில்லை.

என் கோபம் வேறொன்றின் மீது. வெட்டும் தலைக்கு முன்னால் பேனா ரீஃபில் தடிமனில் வளைந்த ஒரு கம்பி உண்டு. செடி, சுவர், மரம் எதன் பக்கத்திலும் போகும்போது அந்தக் கம்பி முதலில் போய் இடித்து, சுழலும் நூலைத் தள்ளியே நிறுத்தும். தேவையில்லாதபோது பின்னால் மடக்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்து நிறுத்துவது இரண்டு சின்ன பிளாஸ்டிக் கொக்கிகள். வாங்கிய முதல் வருடத்துக்குள்ளேயே ஒரு கொக்கி உடைந்தது. அடுத்தது எப்போது போனது என்றே தெரியவில்லை. கம்பி தொங்கிக்கொண்டு, கடைசியில் புல்லுக்குள் எங்கோ விழுந்துவிட்டது.

அதைத் தனியாகக் கேட்டு சர்வீஸ் கவுண்டருக்குப் போனேன். கம்பி மட்டும் விற்பதில்லையாம். பாதுகாப்பு மூடி முழுவதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம். அதுவும் கையிருப்பில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்ததும் அழைக்கிறோம் என்றார்கள். அழைப்பு வரவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டால் புதிய மாடலைக் காட்டுகிறார்கள். ஐந்து வெள்ளி பெறாத ஒரு கம்பி! நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கியவனுக்கு அதைக் கொடுக்க ஏற்பாடு இல்லை என்றால் அதை எப்படி மன்னிப்பது?

கம்பி இல்லாவிட்டால் என்ன, கவனமாக வெட்டினால் போச்சு என்று சிலர் சொல்லலாம். சுவரோரப் புல்லை வெட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிற நூலின் நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சுவரை ஒட்டிய கடைசி வரிசைப் புல் விழ வேண்டுமென்றால் நுனி சுவரைத் தொட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் கணுக்கால் உயரத்தில், ஒரே கோட்டில் தொடும். முதலில் பெயிண்ட் போகும். பிறகு சிமெண்டுப் பூச்சின் வழவழப்பான மேல்தோல் போகும். அதற்குப் பிறகு தொட்டாலே மணல் உதிரும். அந்தக் கீறலை மழை பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? சுவரில் அப்பிக் கிடக்கும் ஈரப்புல் தூள் ஊறவைத்த துணி மாதிரி அங்கேயே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். செங்கல் அதைக் குடிக்கும்.

எங்களுக்கு இது வீட்டுக்கு உள்ளேயிருந்துதான் தெரிந்தது. மகளின் அறையில் அலமாரிக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அமுக்கினால் உடைந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்த பொடி. அலமாரியின் அடிப்பலகை சிப்போர்டு. ஈரம் ஏறி ரொட்டிபோல் உப்பிப் பிளந்துவிட்டது. குழாய் கசிவாக இருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம், முள் அசையவில்லை. அப்புறம் கொப்புளத்தைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்தோம். அறையின் காற்றில் உள்ள ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் வியர்க்கும், சுவருக்குள்ளிருந்து வருவது என்றால் உள்பக்கம். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

சிமெண்டு வேலை பார்க்கும் அங்கிள் ஒருவரை அழைத்தோம். அவர் அறையை அதிக நேரம் பார்க்கவில்லை. "வெளியே வாங்க தம்பி" என்று கூட்டிப் போய், புல்லைக் காலால் விலக்கிக் காட்டினார். சுவரின் நீளத்துக்கும் ஒரே உயரத்தில் ஒரு பள்ளம், கோடு போட்டு இழுத்ததுபோல். சில இடங்களில் செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. இன்னொன்றையும் அவர் காட்டினார். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் காலத்திலேயே மண்ணைக் கொட்டிக் கொட்டிப் புல்தரையின் மட்டம் ஏறிவிட்டிருந்தது. அடித்தளத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கச் சுவருக்குள் போடும் ஈரத்தடுப்பு அடுக்கு, வெளித்தரையிலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று மலேசியாவின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்களே சொல்கின்றன. எங்கள் வீட்டில் அந்த இடைவெளி மண்ணுக்குள் போய்விட்டது. ஆக, மெஷின் மட்டுமே சுவரைக் கெடுத்தது என்று சொன்னால் அநியாயம். ஏற்கெனவே ஈரத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த சுவருக்கு மெஷின் கதவைத் திறந்துவிட்டது.

பெட்ரோல் மெஷின் இருந்திருந்தால் இதைவிட மோசமாகத்தான் ஆகியிருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். தாமான் சாலையோரத்து மரக்கன்றுகளின் அடியைப் பாருங்கள். புல் வெட்டும்போது பட்டையைச் சுற்றிலும் சீவிவிடுகிறார்கள். சுற்றுப்பட்டை முழுக்கப் போன கன்று பிழைப்பதில்லை. பல வீடுகளின் கேட் தூண்களிலும் இதே கோடு இருக்கிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வேலை இப்படி நடந்தது. வெளிப்பூச்சையும் உள்பூச்சையும் மூன்றடிக்குக் கொத்தி எடுத்து, செங்கல்லைக் காயவிட்டார்கள். ஏறியிருந்த மண்ணைச் சுவரோரம் வெட்டி எடுத்தார்கள். நீர்த்தடுப்பு சிமெண்டுக் கலவை இரண்டு கை பூசி, அதன் மேல் புதிய பூச்சு. புதுப் பூச்சு நான்கு வாரம் காயாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று அங்கிள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை மகள் ஹாலில் படுத்தாள். மெஷினின் விலையைப்போல் பல மடங்கு செலவு. புது அலமாரி தனிக் கணக்கு.

அதோடு சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, சிமெண்டு விளிம்பு கட்டி, உள்ளே கூழாங்கல் கொட்டினோம். தரை லோங்காங் (மழைநீர் வடிகால்) பக்கம் சரிகிறது. நூல் இனிச் சுவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. விளிம்போடு வெட்டிக்கொண்டு போகலாம். கல்லுக்கு நடுவே முளைக்கும் களையை அம்மா கையால் பிடுங்கிவிடுகிறார். கல் பக்கம் நூலைக் கொண்டுபோனால் பறந்து கண்ணாடியில் அடிக்கும், அதில் மட்டும் கவனம் வேண்டும். வெட்டிய தூளை லோங்காங்கில் தள்ளாமல் வாரி எடுத்துவிடுகிறோம். எங்கள் வரிசையில் மழைத் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் அது அடைத்துக்கொள்ளும் இடத்தில்தான். இப்போது கனமழை பெய்தாலும் அறைச் சுவர் காய்ந்தே இருக்கிறது. தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இலகுவானது, சத்தமில்லாதது, பேட்டரி உழைக்கிறது, என் அம்மாவே ஓட்டுகிறார். என்னுடையதை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நீ வாங்காதே. நானூறுக்கு இல்லை, இருநூறுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உன் வீட்டிலும் புல் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது, பின்பக்கம் வெயிலே கிடையாது. ஒரு கம்பியைக்கூட மாற்றிக் கொடுக்க முன்வராதவர்களுக்கு நம் வீட்டுக் காசு இன்னொரு தரம் போக வேண்டாம்.

மனசு கேட்கவில்லை, எப்படியும் ஒரு பேட்டரி புல்வெட்டி வேண்டும் என்றால், எந்த பிராண்டாக இருந்தாலும் கடைக்கு நேரில் போ. தள்ளுபடி விலையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் அந்த முன்கம்பியும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேள். கிடைக்கும் என்றால் "இப்பவே ரெண்டு எடுத்து வைங்க" என்று சொல்லி, பில் போட்டு வாங்கிக்கொண்டு வா. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிடு, கூழாங்கல் இன்னும் அரை மூட்டை மிச்சம் இருக்கிறது.