மலை இறக்கத்துக்கு ஏற்ற பிரேக் பேட்: ஹைலக்ஸ் கெப்பில் பெண்டிக்ஸ் போட்டுப் பார்த்தது

என் டொயோட்டா ஹைலக்ஸ் விகோ கெப்புக்கு (பிக்கப்) முன் பக்கம் பெண்டிக்ஸ் கொம்பனியின் 4 வீல் டிரைவ் பிரேக் பேட் செட் ஒன்றும் இரண்டு புது டிஸ்க்கும் வாங்கி, கராஜுக்குக் கொடுக்காமல் நானே போட்டேன். வீலோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிப்பது பேட். போட்ட கையோடு எழுதவில்லை. மரக்கறி லோட் ஏற்றி, மழையிலும் பனியிலும் இறக்கிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். மலையில் பாரம் ஓட்டுகிற யாருக்கும் இந்தப் பேடை நம்பிச் சொல்வேன். ஆனால் டிஸ்க் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த டிஸ்க்கில் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் கொடுத்த காசுக்குப் பலன் வராது.

நான் ஓடுவது கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு. லீக்ஸ், கரட், கோவா, சில நாள் உருளைக்கிழங்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கிருந்து கம்பளை போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்கிவிடுகிறோம். கெப்பும் லோடும் சேர்ந்த அந்தப் பாரம் இறங்குகிற வேகத்தை எஞ்சின் பிடித்தது போக மிச்சத்தை டிஸ்க்தான் பிடிக்க வேண்டும், பிடித்ததெல்லாம் சூடாகிறது. லபுக்கலை தாண்டி றம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே வந்தாலும், பழைய செட்டில் புசல்லாவை வரும்போது பெடல் கீழே போக ஆரம்பித்துவிடும். கருகிய வாடை கெப்புக்குள் வரும். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் உதறும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதன் பயம் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் செத்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை.

வேறு வண்டி வாங்கலாம் என்றால் அது நடக்கிற காரியமா? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025ல் திறந்துவிட்டார்கள், ஆனாலும் மரக்கறி ஓட்டுகிறவனின் கைக்கு எட்டுகிற விலையில் கெப் இல்லை. இருக்கிற கெப்பை உயிரோடு வைத்திருக்கத்தான் வேண்டும்.

முதலில் காட்டிய கராஜ் பாஸ் (மெக்கானிக்), "டிஸ்க்கை லேத்தில் போட்டுக் கடைஞ்சு எடுப்போம் தம்பி, பேட் மட்டும் புதுசு போடு" என்றார். தேய்ந்த முகத்தைச் சீவிச் சமமாக்குவதுதான் கடைதல். மலிவான யோசனைதான். ஆனால் டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. வர்னியர் வைத்து அளந்தால், கடையாமலேயே அந்த அளவுக்கு வந்து நின்றது. மேலே நீலம் பாய்ந்து, ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகளும் இருந்தன. டிஸ்க் மெலிய மெலிய சூட்டைத் தாங்குகிற இரும்பு குறைகிறது, அதே இறக்கத்தில் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கிறது. கொழும்பில் சமதரையில் ஓடுகிற காருக்குக் கடைதல் சரிவரலாம். றம்பொடைக்குச் சரிவராது.

சாமான் வாங்கியது கொழும்பில் வண்டி உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில். அங்கே போகிறவர்கள் பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் பேடைக் கையில் எடுத்து முதுகுத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கடையில் ஜப்பான் பெயர் போட்ட அழகான பெட்டி தந்தார்கள், உள்ளே பேடில் ஒரு எழுத்துக்கூட இல்லை. பல பேட்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருப்பார்கள். ஈ, எஃப், ஜி என்று போகப் போகப் பிடிமானம் கூடும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது நன்றாகக் கொதித்த நிலையில் உள்ள பிடிமானம். மலையில் ஓடுகிறவன் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எழுத்தை. கொதித்தால் இறங்கிவிடுகிற பேட் கடை வாசலில் நன்றாகத்தான் பிடிக்கும். பெண்டிக்ஸ் செட் சந்தையில் கிடைக்கிற டுப்ளிகேட்டைவிட நல்ல விலை கூட, டொயோட்டா ஜெனுயினைவிடக் குறைவு. ரூபாய்க் கணக்கு வாரத்துக்கு வாரம் மாறுகிறது, கேட்டே வாங்குங்கள்.

வேலைக்குச் சமதரை வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து ரோட்டில் எங்கே ஜெக் வைப்பது? கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, கொழுந்து நிறுக்காத ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்து முன்னால் இருக்கிற சிமெந்துத் தரையில் கெப்பை நிறுத்தினோம். பின் வீல் இரண்டுக்கும் கட்டை வைத்தோம். ஜெக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடக்கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். உதவிக்கு மச்சான் வந்தான்.

பேடை டிஸ்க்கில் அமுக்குகிற கெலிப்பரின் போல்ட்டைக் கழற்ற முன், பிரேக் பைப்பைப் பிடித்திருக்கிற சின்னப் பிரக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கெலிப்பரை இழுக்கும்போது இரும்புப் பைப் வளைந்துவிடும். கழற்றிய கெலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டினோம். வலது டிஸ்க் அடித்தும் அசையவில்லை, வீல் பூட்டுகிற ஹப்போடு துருவில் ஒட்டிப்போயிருந்தது. மச்சான் பெரிய சுத்தியலைத் தூக்கினான். "வை மச்சான், பெயாரிங் போயிடும்" என்று தடுத்தேன். டிஸ்க்கின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் போட்டு, ஒரு சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி முறுக்கினோம். "டக்" என்று ஒரு சத்தம், டிஸ்க் கையில் வந்தது. உள்ளே ஹப் முகத்தில் செம்மண் பூசிய மாதிரித் துரு. அதைக் கம்பிப் பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரை தேய்த்தோம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். துரு மிச்சம் இருந்தால் புது டிஸ்க் கோணலாக உட்காரும், ஸ்டியரிங் உதறல் திரும்பவும் வரும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் பூசியிருக்கிற ஒயிலையும் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் பேடை வைத்தோம்.

இந்தக் கெப்பின் முன் கெலிப்பரில் ஒரு வீலுக்கு, பேடைத் தள்ளுகிற பிஸ்டன் நான்கு. ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே வரும், பழைய பேடை வைத்துச் சேர்த்து மெதுவாக அமுக்க வேண்டும். அமுக்கும்போது மேலே டேங்கில் பிரேக் ஒயில் ஏறும், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். எல்லாம் பூட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்கி, கெப்பை ஒரு அடி அசைக்க முன் பெடல் கல்லாகும் வரை மிதித்தோம். இதை விட்டால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

இந்தப் பேடின் முகத்தில் நீலக் கோடு ஒன்று பூசியிருக்கிறது. அது இருப்பதால் பழக்கி ஓட்டத் தேவையில்லை, போட்டவுடனே பிடிக்கும் என்பது கொம்பனியின் பேச்சு. முதல் மிதியிலேயே பிடித்தது உண்மை. ஆனாலும் டிஸ்க்கும் புதுசு என்பதால் நான் பழக்கினேன். விடியற்காலை ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் கிரகரி ஏரிப் பக்கத்து நேர் ரோட்டில், வேகமெடுத்து மெதுவாக்கி, முழுக்க நிறுத்தாமல், இடையில் ஆற விட்டு, திரும்பத் திரும்பச் செய்தேன்.

இப்போது முழு லோடோடு கம்பளை வரை பெடல் ஒரே உயரத்தில் நிற்கிறது. உதறல் போய்விட்டது. பனி மூடிய காலையில், டிஸ்க் ஈரமாக இருக்கும்போதுகூட முதல் மிதியே பிடிக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குறையும் உண்டு. கறுப்புத் தூள் நிறையக் கொட்டுகிறது, வீலைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ரிவர்ஸில் மெதுவாக வரும்போது ஒரு முனகல் கேட்கிறது. இரண்டும் பிடிமானத்தைத் தொடவில்லை.

பேடுக்குக் கொடுக்கிற கவனத்தை ஒயிலுக்கும் கொடுங்கள். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எங்கள் பனிக்குச் சொல்லவே வேண்டாம். பிரேக் ஒயிலில் டொட் 4 என்ற தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155க்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205, ஈரத்தோடு 140. டிஸ்க் சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால் எந்தப் பேடும் காப்பாற்றாது. நான் டொட் 4 ஊற்றி, தூரத்தில் இருக்கிற பின் இடது வீலில் தொடங்கி நாலு வீலிலும் பிரேக் பைப்பில் இருந்த காற்றை எடுத்தேன். கெலிப்பரைக் கழற்றும்போது பிஸ்டன் ஓரத்தில் ஒயில் கசிவு கண்டால் வீட்டில் மேற்கொண்டு கை வைக்காதீர்கள், அது சீல் மாற்றத் தெரிந்த பாஸின் வேலை. பின் வீல் பிரேக்கின் டிரம்மையும் திறந்து பார்த்தோம். அதன் உள்ளே பிடிக்கிற ஷூவில் இன்னும் பாதி இருக்கிறது, சித்திரைப் புதுவருடத்துக்கு முன் அதையும் மாற்றிவிட எண்ணியிருக்கிறேன்.