பணம் நின்றுபோனால்: ஆர்பிட்ரேஷன் பிரிவா, உத்யம் பதிவா?

இந்தியக் கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸாக மென்பொருள் எழுதிக் கொடுப்பவருக்குப் பாக்கியை வசூலிக்க, சிவில் கோர்ட்டைத் தவிர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் பிரிவு, அதாவது தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் தீர்க்கும் ஏற்பாடு. மற்றது, உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்து 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டப்படி, பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போவது. என் தேர்வு இரண்டாவது. சில லட்சம் ரூபாய் பாக்கிக்கு அதைத்தான் யாருக்கும் சொல்வேன்.

ஆர்பிட்ரேஷன் பெரிய தொகைகளுக்குப் பொருந்தும்; தொழில்நுட்பம் தெரிந்த நடுவரை நாமே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணை, 5 லட்சம் வரையிலான தகராறுக்கே நடுவர் கட்டணமாக 45,000 ரூபாயைக் காட்டுகிறது. எதிர்த்தரப்பு நடுவர் நியமனத்துக்கு இணங்காவிட்டால் முதலில் உயர் நீதிமன்றம் ஏற வேண்டும். 2 லட்சம் பாக்கிக்கு இது கட்டுப்படியாகாது.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் போதும். தொழில் குறியீடு 62011. வாங்குபவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்பவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலிலேயே மனு போடலாம். கம்பெனி குருகிராமில் இருந்தாலும் மனு தமிழ்நாட்டில்தான். ஒப்பந்தத்தில் 90 நாள் கெடு என்று எழுதியிருந்தாலும் சட்டம் 45 நாளுக்கு மேல் விடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டுவட்டி. தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் கம்பெனி அந்தத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது: 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியைக் கம்பெனி உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதனால் உத்யம் எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள்.

இத்தனை பலமும் நிற்பது ஏற்பு நாள் என்ற ஒன்றின் மேல்; 45 நாள் கெடு அதிலிருந்துதான் ஓடும். டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளே ஏற்பு நாள் என்கிறது சட்டம். ஆட்சேபம் வந்தால், அதைச் சரிசெய்து கொடுத்த நாள். மென்பொருளில் ‘இன்னும் முடியலையே’ என்று எப்போதும் சொல்லலாம் என்பதால் வழக்குகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஜூம் டெமோவும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டும் டெலிவரி தேதியை நிரூபிக்கத் திணறும். ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் (வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும்) தனி மின்னஞ்சல் அனுப்புங்கள்: மைல்ஸ்டோன் எண், கமிட் ஹாஷ் (கோடின் அந்தப் பதிப்பைக் காட்டும் குறியீடு), ஸ்டேஜிங் (சோதனைத் தளம்) முகவரி, தேறிய சோதனைகளின் பட்டியல், ‘ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்’ என்ற வரி. மரியாதைக்காகக்கூட ‘சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கிறது’ என்று அதில் எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் கையில் எடுக்கும். அந்த 15 நாளுக்குள் பிழை சொன்னால், திருத்தியதும் அதே தொடரில் இன்னொரு மின்னஞ்சல். அதற்குப் பின் வரும் கோரிக்கைக்குத் தனி மதிப்பீடு. ‘வாடிக்கையாளர் திருப்தியே இறுதி’ என்ற வரியை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கச் சொல்லி, அங்கே சோதனைப் பட்டியலை இணைப்பாக வையுங்கள்.

குறைகளும் உண்டு. மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் கவுன்சிலில் அது பல நேரம் இழுக்கிறது. ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த பதிவை நம்ப வேண்டாம். பின்னால் பதிந்து பழைய பாக்கிக்குப் பலன் கேட்க முடியாதென 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இந்த வழி எடுபடாது. அங்கே அப்வொர்க் போன்ற தளத்தில், மைல்ஸ்டோன் பணம் எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் கணக்கில்) விழுந்த பிறகு வேலையைத் தொடங்குவது இரண்டையும்விட மேல்.

எந்த வழியானாலும் பதிப்புரிமையை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத டெவலப்பர் எழுதிய கோடுக்கு முதல் உரிமையாளர் அவரே. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அது கைமாறும். ‘மைல்ஸ்டோன் தொகை முழுதும் வந்து சேர்ந்த நாளில் உரிமை மாறும்’ என்று எழுதுங்கள்.